டூங்கபிக்கு மேலே நிற்கும் பந்து

தாஹிர் எறிகிற பந்து அவன் கூப்பிட்டால்தான் கீழே இறங்கும். சிட்னிக்கு மேற்கே, டூங்கபியில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சனிக்கிழமைகளில் ரயில் பிந்தி வருவதைப் போல இதையும் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 1989இல் பிறந்தவன், தொட்டிலில் கிடந்த நாளிலேயே கிலுகிலுப்பையை மேலே வீசுவான். அது கூரைக்குக் கீழே அசையாமல் நிற்கும். அவன் வாய் திறந்து ஒரு சத்தம் போட்டால்தான் வந்து மடியில் விழும். உம்மா ஜெய்னம்பு முதல் தரம் பயந்து யாசீன் ஓதினாள். அடுத்த தரம் தும்புத்தடியால் தட்டிப் பார்த்தாள். அதற்கடுத்த தரம், "மகன், அதைக் கூப்பிடுங்க, சோறு ஆறுது" என்றாள். அதோடு அந்த வீட்டில் பயம் முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு விஞ்ஞான ஆசிரியை மட்டும், புவியீர்ப்புப் பாடம் நடக்கிற வாரத்தில் எதையும் எறியாமல் இருக்கும்படி அவனிடம் தனியாகக் கேட்டுக்கொண்டார். பாவம், அவரும் என்னதான் செய்வார்!

அவனுடைய வாப்பா ஜலால்தீன் 1983 கடைசியில் மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து சிட்னிக்கு வந்தவர். சில வருஷம் டயர் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார், பிறகு டூங்கபி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மாசிக் கருவாடும் சம்பா அரிசியும் விற்கிற கடையொன்றைத் திறந்தார். அந்தக் கடை இரண்டு பெருநாளுக்கும் பூட்டும், பிறை பார்க்கிற மாலையில் பூட்டும், வேறு எதற்கும் பூட்டாது. தாஹிர் பிறந்த அன்றுகூட மத்தியானம்வரை திறந்திருந்தது என்று ஜெய்னம்பு இன்றைக்கும் குத்திக்காட்டுவாள். மேற்குச் சிட்னியில் தமிழ் பேசுகிற முஸ்லிம்கள், மன்னாரோ கல்முனையோ காயல்பட்டினமோ, எல்லோரும் ஜலால்தீனின் கண்ணை நம்பித்தான் நோன்பு பிடித்தார்கள், அந்தக் கண்ணை நம்பித்தான் பெருநாள் எடுத்தார்கள். ஓவல் மைதானத்தின் கார் பார்க்கில் மேற்கே பார்த்து நிற்பார். வெறுங்கண்ணால் மட்டுமே பார்க்கவேண்டும் என்பது அவருடைய சட்டம். காயல்பட்டினத்து எஞ்சினியர் பக்கீர் முகைதீன் ஒவ்வொரு வருஷமும் பைனாகுலரும் கம்ப்யூட்டர் கணக்குமாக வந்து நிற்பார். இரண்டு பேரும் நன்றாகச் சண்டை பிடித்துவிட்டு ஒரே தட்டில் கஞ்சி குடிப்பார்கள். ஜலால்தீனின் பிறை ஒருநாளும் பிழையானதில்லை. பிழை என்று சொல்ல ஒருவருக்கும் துணிவு வந்ததில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு தாஹிர் கிரிடயர்ன் அணிக்குப் போனான். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்லிக்கொண்டு கையால் எறிகிறார்களே, அந்த விளையாட்டுக்கு இங்கே அதுதான் பெயர். ஹெல்மெட் போட்டு, தோளில் தலையணை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு விளையாடுவது. அதில் குவாட்டர்பேக் என்று ஒருவன் உண்டு. பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும், எங்கே எறிவது என்று தீர்மானிப்பவனும் அவனே. மற்றவர்கள் எல்லோரும் அவன் சொல்படி ஓடுகிறவர்கள். ஒரு அணிக்கு ஒரு குவாட்டர்பேக், இரண்டாமவன் பெஞ்சில் இருந்து தண்ணீர் குடிக்கலாம். அணிக்குப் பயிற்சி கொடுத்த டெனிஸ் என்பவர் தொழிலில் பிளம்பர். ஒருகாலத்தில் சில மாதம் டெக்சாஸில் இருந்துவிட்டு, அந்த ஊர்ப் பேச்சைத் திரும்பக் கொடுக்க மறந்து வந்தவர்.

ஜலால்தீனுக்கு இந்த விளையாட்டு துப்புரவாகப் பிடிக்கவில்லை. "விசர் விளையாட்டு" என்றார். மகன் எத்தனையோ தரம் வந்து பார்க்கச் சொல்லிக் கேட்டு, கடைசியில் ஒருநாள் கல்லாவில் இருந்தபடியே ஒரு வாக்குக் கொடுத்தார். "நீ அதில முதலாள் எண்டு சொல்லட்டும், நான் கடையப் பூட்டிப்போட்டு வாறன். ரெண்டாமாளப் பார்க்க எனக்கு நேரமில்ல." அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது தாஹிருக்குத் தெரியும். அன்றிலிருந்து அவனுக்கு வேறு யோசனை இல்லை. 2009 செப்டம்பரில் புதிய சீசன் தொடங்குவதற்கு முன் குவாட்டர்பேக் யார் என்று டெனிஸ் தெரிவு செய்வார். அந்த இடம் கிடைத்தால் வாப்பா வருவார். அவ்வளவுதான் கணக்கு.

இடத்துக்கு நின்ற மற்றவன் பக்கத்து நார்த்மீட்டில் இருக்கிற நரசிம்மன். அப்பா கல்யாணசுந்தரம் கம்ப்யூட்டர் வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்தவர். நரசிம்மனும் தாஹிரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பஸ், ஒரே பெஞ்ச். நரசிம்மன் எறிகிற பந்து நூல் பிடித்தது போல நேராகப் போய், ஓடுகிறவன் நெஞ்சில் சேரும். உடனே போய் உடனே விழுகிற நேர்மையான பந்து அது. தாஹிரின் பந்தோ மேலே போய்க் காத்திருக்கும். ஓடுகிறவன் சாவகாசமாக இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு நிமிரலாம், அதற்குப் பிறகு தாஹிர் "வா" என்று கூப்பிடுவான், பந்து இறங்கும். எதிரணிகள் முறைப்பாடு செய்தன. நடுவர்கள் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எறிந்த பந்து எவ்வளவு நேரத்துக்குள் இறங்கவேண்டும் என்று எங்கும் எழுதவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் பந்து காத்திருக்கும்போது எதிரணிக்காரர்களும் கீழே வந்து கூடி நின்றுவிடுவார்கள் என்பதால் அதில் நட்டமும் இருந்தது. இப்படி லாபமும் நட்டமும் ஒன்றையொன்று வெட்ட, ஆகஸ்ட் முழுக்க இருவரும் சரிக்குச் சமனாகவே நின்றார்கள். டெனிஸ் தலையைச் சொறிந்துகொண்டே திரிந்தார்.

அந்த ஆகஸ்ட் கடைசியில் நோன்பு வந்தது. தாஹிர் நோன்போடுதான் எறிந்தான். அதைப் பார்த்த நரசிம்மன் அவன் முன்னால் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டான். "நீ வேணும்னா குடிடா, எனக்கென்ன" என்று தாஹிர் சொன்னால், "எனக்குத் தாகமே இல்லடா" என்று நாக்கு ஒட்டிய வாயால் பொய் சொல்வான். நோன்பு கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது ஒரு சனிக்கிழமை மாலை இறுதித் தெரிவு நடந்தது. அன்றைக்குத்தான் பிறை பார்க்கிற மாலையும். மேலே கார் பார்க்கில் ஜலால்தீன் ஆட்களோடு வந்து நின்றார். கீழே மைதானத்தில் மகன் எறிந்துகொண்டிருந்தான். கொஞ்சம் தலையைத் தாழ்த்தியிருந்தால் கண்டிருப்பார். பிறை பார்க்க வந்தவர் கண்ணை வானத்தைவிட்டு எடுக்கவில்லை.

நரசிம்மன் எறிந்து முடித்திருந்தான். தாஹிரும் அவனுக்குச் சமமாக வந்து, கடைசிப் பந்து ஒன்று மிச்சம். அதைப் பிடிப்பதற்கு விலியாமி என்ற டோங்காப் பையன் மைதானத்தின் தூரத்து மூலைக்கு ஓடினான். தாஹிர் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து எறிந்தான். பந்து என்றைக்கும் போகாத உயரத்துக்குப் போய், மேற்கே மரங்களுக்கு மேலே நின்றது. விலியாமி கீழே கையை விரித்துக்கொண்டு நின்றான். தாஹிர் கூப்பிட வாயைத் திறந்தான். காலையிலிருந்து தண்ணீர் படாத தொண்டை, சத்தம் எழவில்லை. மறுபடி முயன்றான், வெறும் காற்றுத்தான் வந்தது. அந்த நேரம் சூரியன் விழுந்தது. அவன் பைப்படிக்கு ஓடி, பிஸ்மி சொல்லித் தண்ணீர் குடித்து, தொண்டையை நனைத்துக்கொண்டு திரும்பும்போது கார் பார்க்கில் வாப்பாவின் குரல் கேட்டது.

"பிறை! அந்தா பிறை!"

நிலத்துக்குக் கீழே போன சூரியனின் வெளிச்சம் பந்தின் அடிவயிற்றில் மட்டும் பட்டிருந்தது. மெல்லிசாக, இரண்டு முனையும் மேலே வளைந்து, ஒரு சின்னத் தோணி மாதிரி. இந்த நாட்டில் தலைப்பிறை அப்படித்தான் மல்லாந்து கிடக்கும். தக்பீர் முழங்கியது. ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்தார்கள், போன்கள் பிளக்டவுனிலிருந்து ஸ்பிரிங்வேல்வரை அலறின. பக்கீர் முகைதீன் மட்டும், "இன்னைக்குத் தெரிய வாய்ப்பே இல்லைன்னு கணக்கு சொல்லுதே" என்று முணுமுணுத்தார். பைனாகுலரை உறையிலிருந்து பாதி எடுத்தார். ஜலால்தீனின் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்துவிட்டு மரியாதைக்காகத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். மனுஷனுக்கு அவ்வளவு நல்ல மனசு இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

தாஹிரின் தொண்டையில் இப்போது குரல் இருந்தது. ஆனால் அவன் கூப்பிடவில்லை. நாளைக்குப் பெருநாள் போலிருக்கிறது என்று விளங்கிக்கொண்ட டெனிஸ், ஞாயிறு மத்தியானம்வரை தவணை கொடுத்தார். மத்தியானம் வந்து பந்தை இறக்கி, விலியாமி பிடித்துவிட்டால் இடம் தாஹிருக்கு. இல்லாவிட்டால் நரசிம்மனுக்கு.

வீட்டுக்கு வந்தபோது குசினி முழுக்க ஏலக்காய் வாசம். ஜெய்னம்பு பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்துக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தாள். அடிக்கிற கையை நிறுத்தாமலே யன்னலுக்கு வெளியே பார்த்தாள். இஷாத் தொழுகை நேரமும் கழிந்துவிட்டது, தலைப்பிறை எப்போதோ மறைந்திருக்கவேண்டும், அது அங்கேயேதான் நின்றது.

"அது ஒங்கட பந்துதானே மகன்?"

"ஓம் உம்மா."

ஜெய்னம்பு பெருமூச்சு விட்டாள். "நான் ஒண்டையும் காணல்ல" என்று சொல்லி யன்னல் திரையை இழுத்து விட்டாள். பெற்றவள் வேறு எந்தப் பக்கம் நிற்பாள்? ஒரு பக்கம் புருஷன், மறுபக்கம் பிள்ளை.

ஞாயிறு காலை பெருநாள் தொழுகை முடிந்து சனமெல்லாம் ஓவலுக்கே வந்து புல்லில் பாய் விரித்து பிரியாணி திறந்தது. ஜலால்தீன் புதுச்சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாகப் பாய்க்குப் பாய் போனார். வந்தவர்கள் எல்லோரும், "உங்கட கண்ணுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுசைக் குடுக்கட்டும், காக்கா" என்று மூத்தவர் முறை சொல்லிக் கையைப் பிடித்தார்கள். மத்தியான வெயிலில் பந்து ஒரு புள்ளியாக நின்றது. பெருநாளன்று வானத்தை யார் பார்க்கிறார்கள்? மைதானத்து மறுகோடியில் டெனிஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். விலியாமி பந்துக்கு நேர்கீழே போய்க் கையை விரித்தான். தாஹிர் நிமிர்ந்து பந்தைப் பார்த்தான், திரும்பி வாப்பாவைப் பார்த்தான். ஒரு சொல் போதும். இடம் அவனுக்கு, அடுத்த சனிக்கிழமை வாப்பா கடையைப் பூட்டிவிட்டு வருவார். ஆனால் வானத்திலிருந்து பந்து இறங்கினால் அத்தனை சனமும் நிமிர்ந்து பார்க்கும். பார்த்தால், நேற்று எதைக் கண்டு நோன்பை விட்டோம் என்று விளங்கிவிடும். அதற்குப் பிறகு வாப்பாவின் கண்ணை யார் நம்புவார்கள்?

நரசிம்மன் பக்கத்தில் வந்து தோளைப் பிடித்து உலுக்கினான். "கூப்பிடுடா! என்னடா பார்த்துக்கிட்டே நிக்கிற? எனக்கு இப்படி ஓசியில வேணாம்டா."

"ஏலாது மச்சான்."

"பைத்தியமாடா உனக்கு?"

"அங்க பார். வாப்பா சிரிக்கிறார்."

நரசிம்மன் பார்த்தான். தோளைப் பிடித்திருந்த கையை எடுத்தான். டெனிஸ் இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு, குவாட்டர்பேக் நரசிம்மன் என்று அறிவித்தார். தாஹிர் கைகொடுத்தான். பிறகு பைப்படிக்குப் போய் முகத்தைக் கழுவினான், நெடுநேரம் கழுவினான். அவனுக்கு அழுகை வந்தது, அதில் மறைக்க என்ன இருக்கிறது. இருபது வயதுப் பிள்ளை.

அன்று பொழுதுபட்டபோது சனம் இன்னும் கலையவில்லை. பரமட்டாப் பக்கமிருந்து பழந்தின்னி வௌவால்கள் வழக்கம்போலக் கூட்டமாக வந்து, மேற்கே நின்ற பந்தைச் சுற்றி ஒரு வளையம் போட்டுவிட்டு வடக்கே போயின. ஆகாயம் ரோஜா நிறமாகி, அதற்குப் பிறகு கத்தரிப்பூ நிறமானது. பாயில் படுத்துக்கிடந்த ஒரு சின்னப் பெண், "உம்மா, டூ மூன்ஸ்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். நேற்றைய பிறைக்கு வலப்பக்கத்தில், அதைவிட மெல்லிசாக, அசல் தலைப்பிறை பிறந்திருந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து கிடந்தன. கொஞ்ச நேரத்தில் வலப்பக்கத்துப் பிறை இறங்கத் தொடங்கியது. மற்றது இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

ஜலால்தீன் முதல்முறையாகப் பக்கீர் முகைதீனிடம் கையை நீட்டினார். "அதைத் தாங்க." பக்கீர் முகைதீன் பைனாகுலரைக் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்க மனமில்லாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடிக்குள் பந்து தெளிவாகத் தெரிந்தது. தோல் தெரிந்தது, அதைத் தைத்திருந்த வெள்ளை நாடா தெரிந்தது. ஜலால்தீன் நெடுநேரம் பார்த்தார். பிறகு மகனைத் தேடி வந்தார்.

"பகலே நீ அதைக் கூப்பிட்டு ஏன் இறக்கல்ல?"

தாஹிர் புல்லைப் பார்த்தான். "நீங்க எல்லாருக்கும் சொல்லிப்போட்டீங்களே, வாப்பா."

"அந்த முதலாள் இடம்?"

"நரசிம்மனுக்குக் குடுத்துட்டாங்க."

ஜலால்தீன் அந்த இடத்திலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார். புதுச்சட்டையோடு, அத்தனை பேருக்கு முன்னால், வாய்விட்டு அழுதார். வெட்கத்தில் அழுதாரா பெருமையில் அழுதாரா என்று கேட்டால் இரண்டிலும்தான். பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கார் பார்க் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார். "நேத்து நான் கண்டது பிறை இல்ல. அது என்ட மகன் எறிஞ்ச பந்து. பிழை என்ட. விட்ட நோன்புக்குப் பதிலா எல்லாரும் ஒரு நோன்பு கழாப் பிடிக்க வேணும், மன்னிச்சுக்கொள்ளுங்க." அதற்குப் பிறகு பக்கீர் முகைதீன், "அதுக்கென்ன, பிடிச்சாப் போச்சு. எறிஞ்ச கை நல்ல கைதான்" என்றார். சனத்துக்கும் பெரிய கோபம் இல்லை. பிரியாணி நன்றாக இருந்தது.

அடுத்த பயிற்சி நாளன்று ஜலால்தீன் பட்டப்பகலில் கடையைப் பூட்டினார். கதவு பூட்டியிருப்பதைக் கண்டு யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று பயந்து நாலைந்து பேர் ஜெய்னம்புக்குப் போன் எடுத்தார்கள். அவர் நேரே டெனிஸிடம் போய், தன்னால் முடிந்த ஆங்கிலத்தில், குற்றம் தன்னுடையது, பையனுடையதல்ல என்று சொன்னார். டெனிஸ் பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே யோசித்தார். விளையாட்டின் சட்டப்படி தரையைத் தொட்டால்தான் பந்து தவறியதாகக் கணக்கு, இது இன்னும் தொடவில்லை, ஆகவே போட்டியும் இன்னும் முடியவில்லை என்றார். பந்து இறங்கும்வரை நரசிம்மன் விளையாடட்டும், இறங்கி யாராவது பிடித்தால் அன்றைக்கு இடம் தாஹிருக்கு. யாருக்கும் அதில் ஆட்சேபணை இருக்கவில்லை. நரசிம்மன் அந்த சீசன் முழுக்க ஆடினான், நன்றாகவே ஆடினான். யாராவது பாராட்டினால், "நான் டெம்பரரிங்க" என்று மேலே கையைக் காட்டுவான்.

"அது எந்த நேரத்தில விழும்?" என்று ஜலால்தீன் கேட்டார். யாருக்கும் தெரியாது என்றார் டெனிஸ். "அப்ப கீழ ஒரு ஆள் இருக்க வேணுமே" என்று சொல்லிவிட்டுப் போனவர், அடுத்த முறை கடையிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து பந்துக்கு நேர்கீழே போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒரு பயிற்சியும் தவறவில்லை, ஒரு மேட்ச்சும் தவறவில்லை. வெயில் ஏறினால் குடை பிடிப்பார், மழை வந்தாலும் அதே குடை. கடை இப்போது செவ்வாயும் வியாழனும் பின்னேரம் பூட்டு. வாடிக்கையாளர்கள் பழகிக்கொண்டார்கள். விமானங்கள் பந்துக்குச் சற்று வடக்கே விலகிப் போகின்றன. கொக்கட்டூ ஒன்று அதன்மேல் உட்கார்ந்து கத்திவிட்டுப் போகும். நவம்பரில் ஜகரண்டா பூத்த நேரம் ஹஜ்ஜுப் பிறை பார்க்க எல்லோரும் கூடியபோது, யார் சொல்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் பக்கீர் முகைதீனே போய் ஜலால்தீனைக் கையைப் பிடித்து முன்னுக்குக் கூட்டிவந்தார். ஜலால்தீன் விரலை நீட்டி, "அது என்ட மகன்ட பந்து. அதுக்கு வலப்பக்கம் கொஞ்சம் கீழ பாருங்க, அந்தா பிறை" என்றார். அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் பிறை பார்ப்பது அப்படித்தான். முதலில் பந்தைக் கண்டுகொள்வது, பிறகு பக்கத்தில் தேடுவது.

டிசம்பரில் ஒருநாள் பெஞ்சில் இருந்த தாஹிரிடம் நரசிம்மன் வந்து குந்தினான். எல்லோருக்கும்தான் உண்மை தெரிந்துவிட்டதே, இனி மறைக்க என்ன இருக்கிறது, இன்னும் ஏன் பந்தைக் கூப்பிடாமல் இருக்கிறாய் என்று கேட்டான். "ஒரு வார்த்தைதானடா. உங்க அப்பாவே பிடிச்சிருவாரு. இடம் உன்னோடதுடா."

தாஹிர் எதிர்ப்பக்கத்தைத் தாடையால் காட்டினான். "பந்து இறங்கினா வாப்பா கதிரையத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போயிருவார், மச்சான்."

அங்கே குடைக்குக் கீழே ஜலால்தீன் இருந்தார். பக்கத்தில் நின்ற விலியாமியிடம், அந்தப் பையன் எதற்காக அந்தப் பக்கம் ஓடினான், நீலச்சட்டைக்காரன் ஏன் அவனை இடித்தான், இப்போது என் மகன் உள்ளே போகிறானா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அவர் மேலே பார்ப்பது குறைவு.